நம் உடலின் எடைக்கணக்கு

காலையில் கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை நம்மில் பலருடைய கையில் தராசு இருக்கிறது. மிளகாயை நிறுக்கிறோம், மல்லியை நிறுக்கிறோம், வெங்காயத்தையும் பருப்பையும் நிறுத்து விலை சொல்கிறோம். நிறுவையில் சிறிது தவறினாலும் மனம் ஒப்புவதில்லை. ஆண்டுதோறும் தராசைச் சரிபார்த்து முத்திரையும் பெற்றுக்கொள்கிறோம். ஆனால் அந்தத் தராசைப் பிடித்திருக்கும் சரீரத்தை நிறுத்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று கேட்டால், நம்மில் அநேகருக்குச் சட்டென்று பதில் வராது.

நம் முன்னோரில் பலர் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தோட்டம் தோட்டமாக நடந்து வியாபாரம் செய்தவர்கள். உண்டதற்கு மேல் உழைத்தவர்கள். அக்காலத்தில் ஒருவர் சற்றுச் சதைப்பிடிப்பாக இருந்தால், "நல்ல நிலைமைக்கு வந்துவிட்டார்" என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். முதலாளிக்குத் தொந்தி ஓர் அந்தஸ்து என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது. இன்றோ கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பன்னிரண்டு மணி நேரமும் பதினான்கு மணி நேரமும் உட்கார்ந்திருக்கிறோம். சாமான் எடுத்துக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். வாசலில் கார் நிற்கிறது. உழைப்பு உடலைவிட்டுப் போய்விட்டது. தொந்தியை மதிக்கும் பழைய எண்ணம் மட்டும் போகவில்லை.

இதனால் வரும் நஷ்டம் சிறிதன்று. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் சிகிச்சை தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்பு நீர் வியாதியால் சிறுநீரகம் கெட்டவர்கள். அச்சிகிச்சை பெறுபவர் பொதுவாக வாரத்துக்கு மூன்று நாள், நாளொன்றுக்குச் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தின் அருகில் படுத்திருக்க வேண்டும். நம் கடைகளோ பெரும்பாலும் ஒரே ஒருவருடைய தலையில் நிற்பவை. கொள்முதல் அவர் கையில்; கடன் வாங்கியவரின் முகம் அவருக்குத்தான் தெரியும்; வங்கியில் கையெழுத்தும் அவருடையதே. அவர் வாரத்தில் மூன்று நாள் படுத்துவிட்டால் கடை என்னவாகும், அதை நம்பியிருக்கும் குடும்பம் என்னவாகும் என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ஒரு சிறு கணக்கை இங்கே பாடமாக எழுத முற்படுகிறோம். வைத்தியர்கள் இதனை 'பி. எம். ஐ.' என்பார்கள். தமிழில் 'உடல் நிறைச் சுட்டெண்' எனலாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்த எவரும் இதனைப் போட்டுப் பார்க்கலாம். வியாபாரிக்கோ இது ஒரு நிமிட வேலை.

எடை மட்டும் போதுமா?

ஒருவர் 70 கிலோ எடையுள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். இது கூடுதலா, குறைவா? இக்கேள்விக்கு இப்படியே விடை சொல்ல முடியாது. துணியின் நீளத்தை மட்டும் சொல்லி விலை கேட்பவரிடம், "அகலம் எவ்வளவு?" என்று நாம் திருப்பிக் கேட்பதில்லையா? அதுபோல எடையைச் சொல்பவரிடம் உயரத்தைக் கேட்க வேண்டும். 180 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 70 கிலோ பொருத்தமான எடை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கோ அதே 70 கிலோ பெருஞ்சுமை.

எடையையும் உயரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் வழிதான் சுட்டெண். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் ஒரு முறை வகுக்க வேண்டும். வந்த விடையை அதே உயரத்தால் மறுமுறையும் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 5 அடி 5 அங்குலம் உயரமுள்ள கடைக்காரர் ஒருவர். சென்டிமீட்டரில் 165, மீட்டரில் 1.65. அவருடைய எடை 66 கிலோ. 66ஐ 1.65 ஆல் வகுத்தால் 40 வரும். அந்த 40ஐ மீண்டும் 1.65 ஆல் வகுத்தால் 24.2 வரும். இதுவே அவருடைய சுட்டெண். இந்த 24.2 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இப்பாடத்தின் சாரம் இதில்தான் இருக்கிறது.

அளவெடுப்பதிலும் கவனம் வேண்டும். காலையில், ஒன்றும் உண்ணுமுன், மெல்லிய உடையோடு எடை பார்ப்பது நன்று. எப்போதும் ஒரே இயந்திரத்தில் பார்க்க வேண்டும். உயரம் பார்க்கும்போது செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டு, குதிகால் சுவரில் படும்படி நிமிர்ந்து நிற்க வேண்டும். உயரத்தில் சிறு பிழை நேர்ந்தாலும், இரு முறை வகுப்பதால் அப்பிழை விடையில் இரட்டிப்பாகும்.

இக்கணக்கு பிறந்த வரலாறு

இதனைக் கண்டுபிடித்தவர் வைத்தியர் அல்லர். பெல்ஜியம் நாட்டில் கெண்ட் நகரில் 1796ஆம் ஆண்டு பிறந்த அடோல்ஃப் கெத்தலே என்பவர் வான நூலும் கணிதமும் கற்றவர். மனிதர்களின் உயரம், எடை முதலியவற்றைத் திரட்டி, அவற்றில் ஏதேனும் ஒழுங்கு உண்டா என்று ஆராய்ந்தார். ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் அது எட்டு மடங்கு சாமான் கொள்ளும். மனிதனும் பெட்டியைப் போலவே வளர்வானாயின், எடை உயரத்தின் கனத்தைப் பின்பற்ற வேண்டும். ஆனால் வளர்ந்து முடிந்த மனிதர்களிடையே எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது என்று அவர் 1832இல் எழுதினார். நாம் இரண்டு முறை வகுப்பதற்குக் காரணம் இதுவே. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் தேடியது 'சராசரி மனிதன்' எப்படியிருப்பான் என்பதையே. எவர் நோயாளி, எவர் சுகவாசி என்று பிரிப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை.

பின்னர் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இவ்விஷயத்தில் அக்கறை கொண்டன. பாலிசி எடுத்தவர் சீக்கிரம் இறந்தால் நஷ்டம் கம்பெனிக்கு அல்லவா? நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் லைஃப் கம்பெனி, எந்த உயரத்துக்கு எந்த எடை விரும்பத்தக்கது என்று 1940களிலும் 1959இலும் பட்டியல்கள் வெளியிட்டது. வைத்தியர்களும் பல்லாண்டு காலம் அவற்றையே கையாண்டார்கள். 1972ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆன்செல் கீஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டு, கெத்தலேயின் பழைய கணக்கே எளிதும் ஏற்றதுமாகும் என்று முடிவு கூறினார்கள். 'பி. எம். ஐ.' என்ற பெயரைச் சூட்டியவர்களும் அவர்களே.

அதன்பின் உலக சுகாதார நிறுவனம் இக்கணக்கை ஏற்று, எல்லைக்கோடுகளையும் வகுத்தது. சுட்டெண் 18.5க்குக் கீழே இருந்தால் எடை குறைவு. 18.5 முதல் 25க்குள் இருந்தால் சரியான எடை. 25ஐத் தொட்டால் மிகை எடை. 30ஐத் தொட்டால் பருமன் நோய். உலகெங்கும் இக்கோடுகளே வழக்கில் வந்தன.

பாலத்துக்கு அப்பால் எடுத்த முடிவு

நாம் மேலே கண்ட கடைக்காரரின் சுட்டெண் 24.2. உலகக் கணக்கின்படி அவர் சரியான எடைக்காரர். நிம்மதியாக வீடு போகலாம். ஆனால் ஆசிய நாடுகளின் வைத்தியர்கள் வேறொன்றைக் கண்டுவந்தார்கள். 25க்குக் கீழே உள்ளவர்களிடமும் இனிப்பு நீரும் இருதய நோயும் மிகுதியாகக் காணப்பட்டன. ஐரோப்பியரின் உடலைக் கொண்டு பெரும்பாலும் வகுக்கப்பட்ட கோடு நமக்கும் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது.

இதனை ஆராய உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிபுணர்களின் கூட்டமொன்றைக் கூட்டியது. கூட்டம் நடந்த இடம் வெகு தூரத்தில் இல்லை. ஜொகூர் பாலத்தைக் கடந்தால் வரும் சிங்கப்பூரில்தான் அது நடைபெற்றது. அதன் முடிவுகள் 2004ஆம் ஆண்டு ஜனவரியில் 'லான்செட்' வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தன. உலகத்துக்குப் பொதுவான 25, 30 என்ற கோடுகளை நிபுணர்கள் அழிக்கவில்லை. ஆசிய மக்களின் விஷயத்தில் 23ஐத் தொட்டதும் எச்சரிக்கையாக நடவடிக்கை எடுக்க வேண்டும், 27.5ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்று கூடுதல் கோடுகளைக் காட்டினார்கள். நம் நாட்டு வைத்தியர்களுக்காக 2004இல் வெளியிடப்பட்ட பருமன் சிகிச்சை வழிகாட்டியும் 23ஐ மிகை எடைக்கும் 27.5ஐப் பருமனுக்கும் எல்லையாக வைத்தது.

ஆகவே 24.2 உள்ள நம் கடைக்காரர், பழைய கோட்டின்படி பத்திரமானவர். நமக்குரிய கோட்டின்படி எச்சரிக்கை பெற வேண்டியவர். "நான் 25க்குள் இருக்கிறேன்" என்று ஆறுதல் கொள்பவர்களே நம்மில் பெரிய ஆபத்தில் இருப்பவர்கள். ஏனெனில் 32 உள்ளவருக்குத் தம் நிலை கண்ணாடியில் தெரியும். 24 உள்ளவருக்குத் தெரியாது.

நமக்கு ஏன் தனிக்கோடு?

இதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. இந்தியாவில் பூனா நகரத்து டாக்டர் யாஜ்னிக், இங்கிலாந்து நாட்டு டாக்டர் யுட்கின் என்னும் இருவரும் இனிப்பு நீர் ஆராய்ச்சியில் நண்பர்கள். இருவருடைய சுட்டெண்ணும் 22.3. எள்ளளவும் வேறுபாடில்லை. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்து பார்த்தபோது, ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1 பங்கும் இந்தியருக்கு 21.2 பங்கும் இருந்தது. ஒரே சுட்டெண்ணில் இரு மடங்குக்கு மேல் கொழுப்பு! தங்கள் இருவருடைய படத்தையும் போட்டு, இவ்விவரத்தை அவர்கள் 2004ஆம் ஆண்டு 'லான்செட்' சஞ்சிகையிலேயே எழுதினார்கள்.

நம் போன்ற தென்னாசியருக்கு அதே எடையில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அக்கொழுப்பும் கைகால்களில் பரவுவதைவிட வயிற்றுக்குள்ளே, ஈரலைச் சுற்றிலும் ஈரலுக்குள்ளும் சேர்வது அதிகம். உள்ளே சேரும் இக்கொழுப்பு, இன்சுலின் என்னும் சுரப்பு நன்கு வேலை செய்ய ஒட்டாமல் தடுக்கிறது. சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. வெளியே மெலிந்த கைகளும் சற்றே முன்தள்ளிய வயிறுமாக நம்மில் பலர் இருப்பதன் பொருள் இதுவே.

2021ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேருடைய வைத்தியக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். வெள்ளையருக்குச் சுட்டெண் 30இல் எந்த அளவுக்கு இனிப்பு நீர் அபாயம் உண்டோ, அதே அபாயம் தென்னாசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது என்று கண்டார்கள். இக்கணக்கை நாம் ஒரு முறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

நம் நாட்டு நிலைமையும் இதற்கு ஒத்ததே. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 50 பேர் மிகை எடையோ பருமனோ உள்ளவர்கள். இந்தியர்களில் மட்டும் இது ஏறத்தாழ 64. இனிப்பு நீர் உள்ளவர்கள் பொதுவில் நூற்றுக்கு 18, இந்தியர்களில் 31. 2023ஆம் ஆண்டு ஆய்வில் மிகை எடையும் பருமனும் சேர்ந்து பொதுவில் 54ஐத் தாண்டிவிட்டன. எடையைப் பற்றிய இவ்வெண்களெல்லாம் 25ஐக் கோடாக வைத்து எண்ணியவை. 23ஐ வைத்து எண்ணினால் தொகை இன்னும் கூடும். பதிவேட்டில் நம்மில் சிலர் இந்தியர் என்றும் சிலர் மலாய்க்காரர் என்றும் எழுதப்பட்டிருக்கலாம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு பதிவேட்டைப் பார்ப்பதில்லை.

ஒரு பட்டியல்

கணக்குப் போட நேரமில்லாதவர்களுக்காக ஒரு சிறு பட்டியல் தருகிறோம். முதலில் உயரம். அடுத்து 18.5க்குரிய எடை, இதற்குக் கீழே போகலாகாது. அடுத்து 23க்குரிய எடை. இதனைத் தொட்டால் எச்சரிக்கை. கடைசியில் 27.5க்குரிய எடை, இதனைத் தொட்டால் தாமதியாமல் வைத்தியரைக் காண வேண்டும். எடைகள் முழுக் கிலோவில் தரப்பட்டுள்ளன.

150 செ.மீ. — 42 கிலோ, 52 கிலோ, 62 கிலோ
155 செ.மீ. — 44 கிலோ, 55 கிலோ, 66 கிலோ
160 செ.மீ. — 47 கிலோ, 59 கிலோ, 70 கிலோ
165 செ.மீ. — 50 கிலோ, 63 கிலோ, 75 கிலோ
170 செ.மீ. — 53 கிலோ, 66 கிலோ, 79 கிலோ
175 செ.மீ. — 57 கிலோ, 70 கிலோ, 84 கிலோ
180 செ.மீ. — 60 கிலோ, 75 கிலோ, 89 கிலோ

அடியில் உயரம் தெரிந்தவர்கள் அதனை அங்குலமாக்கி 2.54 ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர் வரும். இப்பட்டியலைக் கத்தரித்துக் கடையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

சுட்டெண் சொல்லாதவை

எந்தக் கணக்குக்கும் வரம்பு உண்டு. மூட்டையின் மொத்த எடையைச் சொல்லும் தராசு, உள்ளே அரிசி எவ்வளவு, கல் எவ்வளவு என்று சொல்லாது. சுட்டெண்ணும் அப்படியே. எடையில் தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கிடங்கில் நாள்தோறும் மூட்டை தூக்கும் வாலிபருக்குத் தசையின் கனத்தால் சுட்டெண் 25 வரலாம். அவர் ஆரோக்கியமாகவே இருக்கலாம். வயது முதிர்ந்தவருக்குத் தசை கரைந்து, அவ்விடத்தில் கொழுப்பு சேர்ந்து, சுட்டெண் 22இலேயே நிற்கலாம். அவருக்கு ஆபத்து இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. குழந்தைகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வயதுக்கும் வளர்ச்சிக்கும் ஏற்ற வேறு அட்டவணைகள் உண்டு. மேற்கண்ட கோடுகளை அவர்கள்மேல் வைக்கலாகாது.

2025ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த லான்செட் நிபுணர் குழுவின் அறிக்கையும் இதனையே வற்புறுத்தியது. பருமன் நோய் என்று தீர்மானிக்கச் சுட்டெண்ணை மட்டும் நம்பலாகாது. இடுப்பளவு முதலிய வேறோர் அளவும் வேண்டும் என்று அக்குழு கூறியது. ஆகவே சுட்டெண்ணை ஒரு முன்னறிவிப்பாகக் கொள்ள வேண்டும். தீர்ப்புச் சொல்ல வேறு சாட்சிகளும் தேவை.

முதல் சாட்சி இடுப்பளவு. இதற்கு வேண்டிய கருவி துணிக்கடைகளிலும் தையற்கடைகளிலும் கழுத்திலேயே தொங்குகிறது. கால்சட்டையின் இடுப்பு எண்ணைப் பார்ப்பது தவறு. தொந்திக்குக் கீழே கட்டும் கால்சட்டைக்கும் கைலிக்கும் தொந்தியின் சுற்றளவு தெரியாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தால் நஷ்டம் நமக்கே. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆசியருக்குரிய எல்லைகள். இன்னும் எளிதாகச் சொன்னால், இடுப்பளவு நம் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்.

இரண்டாம் சாட்சி இரத்தப் பரிசோதனை. மூன்றாம் சாட்சி இரத்தக் கொதிப்பு. அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இவற்றையெல்லாம் பார்க்கிறார்கள். குடிமக்களுக்குக் கட்டணமும் சொற்பமே. தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் கடைகளில் வேலை செய்யும் தம்பிமார்களுக்குக் கட்டணம் கூடுதலாகும். ஆண்டுக்கு ஒரு முறை அச்செலவை முதலாளிமார்கள் ஏற்றுக்கொண்டால், அது வீண் போகாது. வியாதி முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது அதைப் போல் பல மடங்கு.

கடையில் இருந்தபடியே செய்யக்கூடியவை

"கடையை விட்டு எங்கே போவது? நடக்க நேரமேது?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் வேண்டியது பெரிய காரியமன்று. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆராய்ச்சி நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். இனிப்பு நீர் வருவதற்கு முந்திய கட்டத்தில் இருந்த 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். சராசரி வயது 46. சராசரிச் சுட்டெண் 25.8. ஏறத்தாழ நம் கடைக்காரர்களைப் போன்றவர்கள் என்று சொல்லலாம். யோசனை ஏதும் பெறாதவர்களில் மூன்று ஆண்டுக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. நாள்தோறும் அரை மணி நேர நடையும் உணவில் கட்டுப்பாடும் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களில் 39 பேருக்கே வந்தது. இதில் வியப்பு என்னவென்றால், அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. தராசு இறங்கவில்லையே என்று நடையை நிறுத்திவிடுபவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

அரை மணி நடையை ஒரே மூச்சில் நடக்க வேண்டுமென்பதில்லை. பள்ளிவாசல் அருகிலிருப்பவர்கள் சுபுஹுக்கும் இஷாவுக்கும் வண்டியை விட்டுவிட்டு நடந்து போய் வந்தாலே பெரும்பகுதி நிறைவேறிவிடும். மேல்தட்டில் உள்ள சாமானைப் பையனை ஏவாமல் தாமே எடுத்துக் கொடுக்கலாம். மணிக்கு ஒரு முறையாவது நாற்காலியைவிட்டு எழுந்து கடையை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். இருப்பு பார்த்ததாகவும் ஆயிற்று.

அடுத்து தேநீர். வாடிக்கையாளர் வந்தால் ஒரு தே தாரிக். தரகர் வந்தால் ஒன்று. கடை ஓய்ந்தால் ஒன்று. ஒரு குவளையில் சேரும் கெட்டிப்பாலிலும் சீனியிலுமாகப் பத்துக் கிராம் சர்க்கரை என்று குறைத்தே கணக்கிடுவோம். நாளைக்கு நான்கு குவளை என்றால் 40 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம். ஆண்டுக்கு 14 கிலோ 600 கிராம். இவ்வளவு சர்க்கரையையும் ஒரே நாளில் கல்லாமேசைமீது கொட்டி வைத்து, "இது உங்கள் வயிற்றுக்குள் போகப் போகிறது" என்று யாரேனும் சொன்னால் நாம் சம்மதிப்போமா? நான்கில் மூன்றை 'தே ஓ கோசோங்' ஆக்கிக்கொண்டால் வந்தவருக்கு மரியாதையும் குறையாது, நமக்கும் கேடில்லை.

மூன்றாவது இராச்சாப்பாடு. கடை அடைத்து, கணக்குப் பார்த்து, பத்து மணிக்கு மேல் வயிறு நிறையச் சோறு உண்டு, உடனே படுப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது. முடிந்தவரை முன்னேரத்தில் உண்பதும், இரவில் அளவைக் குறைப்பதும் நன்று. நம் சுகாதார அமைச்சு சொல்லும் தட்டுக்கணக்கு எளியது: தட்டில் காற்பங்கு சோறு, காற்பங்கு மீனோ இறைச்சியோ, மீதி அரைப்பங்கு காய்கறியும் பழமும். இன்று நம் தட்டுகளில் முக்காற்பங்கு சோறும், அதன்மேல் குழம்பும், ஓரத்தில் பெயருக்குக் கொஞ்சம் காயும் இருக்கின்றன.

நோன்பு மாதத்தைப் பற்றியும் ஒரு சொல். அம்மாதத்தில் பலருக்கு எடை சற்று இறங்குவதும், பெருநாளுக்குப் பின் சில வாரங்களில் மீண்டும் ஏறிவிடுவதும் ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை. பகலில் விட்டதை இரவில் வடையும் இனிப்பும் சர்பத்துமாக ஈடுகட்டினால் எடை இறங்கவே இறங்காது. இனிப்பு நீருக்கு மருந்து உண்பவர்கள், நோன்பு தொடங்குமுன்பே வைத்தியரிடம் சென்று மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்வது அவசியம்.

எச்சரிக்கை ஒன்று. எடையை விரைவில் இறக்கும் காப்பி, மாத்திரை என்று சந்தையில் பலவிதமான சரக்குகள் வருகின்றன. அவற்றுள் சிலவற்றில் சிபுட்ராமின் என்னும் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. அம்மருந்து இருதயத்தைத் தாக்கக்கூடியது. இத்தகைய சரக்கை நாமும் உண்ணலாகாது. லாபத்துக்காக நம் கடையில் வைத்து விற்கவும் ஆகாது.

எவ்வளவு குறைத்தால் போதும்?

சுட்டெண் 30இல் இருப்பவர் ஒரே ஆண்டில் 22க்கு வந்துவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை குறைத்தாலே சர்க்கரையும் கொதிப்பும் இறங்கத் தொடங்கும் என்பது வைத்தியர்களின் அனுபவம். நாம் கண்ட 66 கிலோ கடைக்காரருக்கு நூற்றுக்கு ஐந்து என்பது 3 கிலோ 300 கிராம். அதனைக் குறைத்தால் அவர் 62 கிலோ 700 கிராமில், ஏறத்தாழ 23 என்ற கோட்டுக்கே வந்துவிடுவார். மாதத்துக்கு அரைக் கிலோ வீதம் குறைத்தாலும் ஏழு மாத வேலை.

மெலிந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 18.5க்குக் கீழே இருப்பது ஆரோக்கியமன்று. அதிலும், உணவைக் குறைக்காமலேயே எடை தானாக இறங்கினால், "நல்லதாயிற்று" என்று மகிழக்கூடாது. கட்டுக்கடங்காத இனிப்பு நீர், காசநோய் முதலியவற்றுக்கும் அது அறிகுறியாகலாம். உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

நம் வீட்டுப் பெண்மக்களையும் மறக்கலாகாது. 2019 ஆய்வில் ஆண்களைவிடப் பெண்களிடமே மிகை எடையும் பருமனும் கூடுதலாகக் காணப்பட்டன. கடைக்காரர் தம்மை மட்டும் நிறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் சமைத்துப் போடுபவரை மறந்துவிட்டால் கணக்கு பாதிதான் முடிந்தது. மேலும், தட்டில் என்ன விழ வேண்டுமென்பது அடுப்படியிலே தீர்மானமாகிறது. இருவரும் சேர்ந்து தொடங்கினால்தான் காரியம் நிலைக்கும்.

முடிவாக, வியாபாரப் பெருமக்களுக்கு நாம் சொல்வது இதுதான். ஆண்டு தொடங்கும்போது புதுப் பேரேடு போடுகிறோம். அதன் முதற்பக்கத்தில் மூன்று எண்களை எழுதி வையுங்கள்: சுட்டெண், இடுப்பளவு, இரத்தச் சர்க்கரை. அடுத்த ஆண்டு புதுப் பேரேடு போடும்போது அவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சுட்டெண் 23ஐத் தொட்டிருந்தால், 25 வரட்டும் என்று காத்திராதீர்கள். சரக்கு வந்து இறங்குமுன்பே விலை இறங்கப் போவதை உணர்ந்துகொள்பவர்தானே நல்ல வியாபாரி? அந்தச் சாமர்த்தியத்தை நம் தேகத்தின் விஷயத்திலும் காட்டுவோம். இந்த வாரம் கடை அடைக்கும் நாளிலேயே அளவு நாடாவையும் எடை இயந்திரத்தையும் எடுத்துக் கணக்கைத் தொடங்குவோமாக.